மாமியார் என்ன பண்றா?

"இன்னும் ரெண்டு விரல் உள்ள பிடிங்க அண்ணி. தோள்கிட்ட தொங்குது பாருங்க," என்றாள் டீச்சர்.

சின்னவள் உதட்டில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்து அக்காவின் நீலச் சட்டையின் பக்கத் தையலில் குத்தினாள். படுத்திருக்கும் உடம்புக்கு அவள் இதுவரை துணி பிடித்ததில்லை. முப்பத்தொரு வருடத் தையலில், ஊசி பட்டால் 'ஸ்' என்று இழுத்துக்கொள்ளும் உடம்புகளைத்தான் அவளுக்குத் தெரியும். இரண்டு தடவை கை தானாக நின்றது, "குத்திடுச்சா?" என்று கேட்பதற்கு.

டீச்சர், இந்த அக்கா தங்கை இருவருடைய தம்பியின் மனைவி. பள்ளிக்கூடத்தில் மட்டும் அல்ல, இந்த வீட்டிலும் அவளுக்கு அதுதான் பெயர். காலையிலேயே யார் யார் என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, புருஷனை வாசலில் நாற்காலி போட அனுப்பிவிட்டாள். வண்டி பதினொன்றரைக்கு. இப்போது மணி ஒன்பது.

"போன வருஷம் இதைப் போட்டப்ப பட்டன் போட முடியாம மூச்சைப் பிடிச்சுட்டு நின்னாங்க."

"அவ எங்க பிடிச்சா? என்னைத்தான் பிடிச்சுத் திட்டினா. ஊருக்கெல்லாம் அளவுச் சட்டை, கூடப் பிறந்தவளுக்கு மட்டும் கோணிப்பையான்னு."

அது பெரியவளின் கண்காட்சிச் சட்டை. வருடத்தில் இரண்டு நாள், கோழிக் கண்காட்சிக்கு மட்டும் வெளியே வரும். இடது மார்பில் பொடிப்பொடியாய் ஊசித் துளைகள், ஒவ்வொரு தடவையும் பரிசுப் பட்டையைக் குத்திய இடம். அந்தத் துளைகளை அடைத்துத் தருகிறேன் என்று சின்னவள் ஒருமுறை சொன்னதற்கு, "அடைச்சே, கையை உடைச்சுடுவேன்" என்று பதில் வந்தது.

டீச்சர் காலரைச் சரிசெய்யக் குனிந்தவள் மூக்கைச் சுளித்தாள்.

"அந்துருண்டை வாசனை தூக்குது அண்ணி. பெட்டியிலேர்ந்து எடுத்ததும் கொஞ்சம் வெயில்ல காட்டியிருக்கலாம்."

சின்னவளின் கை மூன்றாம் தடவையாக நின்றது.

"காட்டியிருக்கலாம்," என்றாள்.

நூலைப் பல்லால் கடித்து அறுக்கும்போது தையல் மேசைமேல் தொலைபேசி அடித்தது. எடுத்தாள். மறுமுனையில் கனத்த, நிதானமான குரல். "தங்கச்சி, கிளம்பிட்டேன். பத்துக்கெல்லாம் வந்துடுவேன். முட்டைப் பெட்டியை ஆட்டாம அசைக்காம எடுத்து வெச்சுடுங்க."

"யாரு?" என்றாள் டீச்சர்.

"தராசுக்காரர்."

"சாவுக்கு வர்றாரா, முட்டைக்கு வர்றாரா?"

"ரெண்டுக்கும்தான். அவ அப்படித்தான் சொல்லிட்டுப் போயிருக்கா."

கண்காட்சியில் பறவைகளை எடை போடும் மேசையில் இருபது வருடமாக உட்கார்ந்திருப்பவர் அவர். பெரியவள் வளர்த்தது புறா அளவே இருக்கும் குட்டைக் கோழிகள். வால் நிமிர்ந்து தலையைத் தொடும். அந்த இனம் இப்போது நாலைந்து பேரிடம்தான் இருக்கிறது. பெட்டை அறுநூறு கிராமுக்கு ஒரு கிராம் கூடினாலும் கூண்டுக்குள் விட மாட்டார்கள். ஒருமுறை பெரியவளின் கோழி பன்னிரண்டு கிராம் கூட நின்றது.

"என் கோழி தண்ணி குடிச்சிருக்கு. தாகம் எடுக்கறது குத்தமா?" என்று பெரியவள் மேசையைத் தட்டியிருக்கிறாள்.

"குத்தம் இல்லை. போக வேண்டியது போகட்டும், மறுபடி நிறுக்கறேன்," என்று அவர் தன் சாப்பாட்டு நேரத்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேரும் ஒரு கோழியின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டு முக்கால் மணி நேரம். அது ஒருவழியாக மனசு வைத்தது. ஐந்நூற்று தொண்ணூற்றெட்டு. அன்றைக்கு முதல் பரிசு அந்தக் கோழிக்குத்தான்.

"முட்டையில முடி பிடுங்கற ஆளு. ஆனா தன் தராசுல பொய் சொல்ல மாட்டான்," என்று வீட்டுக்கு வந்து சொன்னாள். அதிலிருந்து சிநேகம்.

அந்தக் கோழிதான் மாமியார்.

பெரியவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. "தாலி இல்லாம மாமியார் வெச்சிருக்கற ஒரே பொம்பளை நான்தான்," என்பாள். எதை எடுத்துப் போட்டாலும் முதலில் தலையைச் சாய்த்துக் குறை கண்டுபிடித்துவிட்டுத்தான் கொத்தும் என்பதால் அந்தப் பெயர். போன வருடம் மாமியாரின் முட்டையில் பொரிந்த பெட்டைக்கு மருமகள் என்று பெயர் வைத்தாள். "பெத்த மகளுக்கு எந்த ஊர்லடி மருமகள்னு பேரு?" என்று சின்னவள் கேட்டதற்கு, "ரெண்டும் ஒரே கூண்டுல, ஒண்ணு தின்னா ஒண்ணு முறைக்குது. வேற என்ன பேரு வைக்கறது?" என்றாள்.

உடம்புக்கு முடியாமல் போனதும் எல்லாவற்றையும் ஒவ்வொருவரிடமாகக் கொடுத்துவிட்டாள். மாமியார், மருமகள், ஒரு சேவல் மட்டும் மிச்சம்.

சின்னவள் சட்டையின் மறுபக்கத் தையலையும் முடித்தாள். டீச்சர் தலைமாட்டில் பூவை அடுக்கத் தொடங்கினாள். சின்னவள் எழுந்து அக்காவின் அறைக்குப் போனாள்.

ஜன்னல் ஓரத்தில் முட்டைப் பெட்டி. பழைய செருப்பு அட்டைப்பெட்டிக்குள் அவளே பஞ்சு வைத்து, மிச்சத் துணியில் ஆறு பை தைத்துக் கொடுத்தது. முட்டையின் அகலமான பக்கம் மட்டும் மேலே தெரியும். கூர்முனை துணிக்குள் புதைந்திருக்கும். பெட்டியின் ஒரு பக்கத்துக்கு அடியில் தடித்த புத்தகம். காலையில் இந்தப் பக்கம், சாயங்காலம் அந்தப் பக்கம் மாற்றி வைக்க வேண்டும், உள்ளே கரு ஓட்டோடு ஒட்டிவிடாமல் இருக்க. இன்றைக்கு விடிந்ததும், யாரும் சொல்லாமலே, அவள் அதை மாற்றி வைத்திருந்தாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் "வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடுங்க" என்று மருத்துவமனையில் சொன்னபோது, பெரியவள் வண்டியில் வரும் வழியெல்லாம் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"என்ன கணக்கு?"

"மாமியார் இந்த மாசம் முட்டை போட ஆரம்பிப்பா. எட்டு வயசுல ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டாலே பெருசு. நடுவுல ஒரு வாரம் ஓய்வு எடுப்பா. ஆறு சேர்ந்தா தராசுகிட்ட குடுத்துடு. அவர்கிட்ட மிஷின் இருக்கு, பொரிச்சுக்குவார். ஆறு சேர்ற வரைக்கும் நான் இருக்கணும், அவ்வளவுதான்."

"மருமகள் முட்டையும் கிடக்கே. அதையும் சேர்த்துக் குடேன்."

"எத்தனை தடவைடி சொல்றது? அஞ்சு வயசு தாண்டாத கோழியோட முட்டையை நான் வைக்க மாட்டேன்."

"ஊர்ல எல்லாரும் இளசு முட்டையைத்தான் வைக்கறாங்க. நீ மட்டும் கிழவிகளைக் கட்டிக்கிட்டு அழறே."

"ஒரு வயசுல அழகா இருக்கறதுல என்ன பெருமை? ஒரு வயசுல நீகூடத்தான் அழகா இருந்தே. சளி, மழை, பூனை எல்லாத்தையும் பார்த்துட்டு எட்டு வருஷம் கழிச்சும் முட்டை போடுது பார், அந்த ரத்தம்தான் நிக்கணும்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்: "நம்ம வீட்டுல அறுபத்தஞ்சைத் தாண்டினவங்க யாரு இருக்கா? நான் கோழியா இருந்தா என் முட்டையை நானே வைக்க மாட்டேன்."

சின்னவள் சிரித்துவிட்டாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முதல் முட்டை வந்தது. ஒருநாள் விட்டு இரண்டாவது வந்தது. சின்னவள் கொண்டுபோய்க் கையில் கொடுப்பாள். பெரியவள் அதைச் சுற்றிப் பார்த்து, தலையணைக்கு அடியிலிருந்து பென்சிலை எடுத்து, கூர்முனையில் கோடு போடுவாள். கோழிக்கு எத்தனை வயதோ அத்தனை கோடு. ஐந்து கோழி வைத்திருந்த காலத்திலிருந்தே அவள் வழக்கம் அது. அகலமான பக்கம் குஞ்சு தலையை நீட்டும் பக்கம், அங்கே பென்சில் படக்கூடாதாம். கோடு போட்டு, தானே துணிப்பைக்குள் இறக்கி வைப்பாள். "நீ கொண்டு வந்து குடுக்கறதோட சரி. அப்புறம் தொடாதே. எண்ணெய்க் கை."

இரண்டாவது முட்டை எடுத்த சாயங்காலம்தான் சின்னவள் மாமியாரின் பெட்டியில் பேனைப் பார்த்தாள். மாமியாருக்குக் கம்பில் ஏறி உட்கார வயதில்லை. முட்டையிடும் மரப்பெட்டிக்குள்ளேயே வைக்கோலில் படுத்துத் தூங்கும். அந்த வைக்கோலில் சின்னச் சின்னதாய் ஊர்ந்தன. அக்காவிடம் கேட்டிருக்கலாம். அக்கா அப்போதுதான் மாத்திரை போட்டுக் கண்ணயர்ந்திருந்தாள். துணியில் பூச்சி வந்தால் தையல்காரி என்ன செய்வாள்? துணிப்பெட்டியிலிருந்து நாலு அந்துருண்டையை எடுத்து, வைக்கோலுக்கு அடியில் நாலு மூலையிலும் வைத்தாள். குளிர் காற்று அடிக்கிறதே என்று பெட்டியின் வாசலுக்கு ஒரு சாக்கையும் தொங்கவிட்டாள். தான் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு படுத்தாள்.

இரண்டு ராத்திரி. மூன்றாம் நாள் காலையில் சாக்கை விலக்கியபோது வாசனை கண்ணைக் கரித்தது. மாமியார் தலையைச் சாய்த்தபடிதான் இருந்தது, எதிலோ குறை கண்டுபிடித்த மாதிரி.

சின்னவள் அதைப் பட்டுத் துணியின் மிச்சத்தில் சுற்றி, துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் புதைத்தாள். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மாமியார் என்ன பண்றா?"

சொல்லியிருக்க வேண்டும். அப்போதே, ஈரக் கையோடே போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.

"போட்டுட்டா," என்றாள். மருமகளின் பெட்டியில் கிடந்த முட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பெரியவள் அதை வெகுநேரம் உள்ளங்கையில் வைத்திருந்தாள். பிறகு, "பென்சில் முனை உடைஞ்சு போச்சு. சீவிக் குடு," என்றாள். சீவிக் கொடுத்தாள். "போய் ஒரு வாய் காப்பி குடிச்சுட்டு வா. முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு," என்றாள். திரும்பி வந்தபோது முட்டை பெட்டிக்குள் இருந்தது.

மறுநாள், "மாமியாரைக் கொண்டு வாயேன். பார்த்து நாளாச்சு," என்றாள்.

மாமியாரின் காலில் இருந்த சிவப்பு வளையம் சின்னவளின் நூல்டப்பாவில் இருந்தது. அதை மருமகளின் காலில் மாட்டினாள். இரண்டும் ஒரே நிறம், ஒரே வால். வெளிச்சம் கண்ணைக் கூசும் என்று திரையை இழுத்துவிட்டுவிட்டுக் கோழியை மடியில் வைத்தாள். பெரியவளின் கட்டைவிரல் கோழியின் காலில் மேலிருந்து கீழாக ஒருமுறை போனது. செதில் செதிலாய்ச் சொரசொரத்த கிழட்டுக் கால் இல்லை அது.

"வேற ஏதாவது சொல்லணுமா என்கிட்ட?" என்றாள் பெரியவள்.

"என்ன சொல்லணும்?"

"இல்லை, சும்மா கேட்டேன். நல்லா இருக்கா. கொண்டுபோய் விடு."

அதற்குப் பிறகு கொண்டுவரச் சொல்லவில்லை. ஆனால் தினமும் கேட்டாள், மாமியார் என்ன பண்றா? சின்னவளும் சொன்னாள். சேவலைக் கொத்தி விரட்டினா. தண்ணிக் கிண்ணத்தைக் கவுத்துட்டா. தீனியைப் பார்த்து முகத்தைத் திருப்பிட்டு, நான் இந்தப் பக்கம் திரும்பினதும் அத்தனையும் காலி. பெரியவள் வாய்விட்டுச் சிரித்தாள், இருமல் வரும் வரைக்கும். ஒரு பொய்க்கு ஒன்பது பொய் என்பது கணக்கில் குறைவு என்று சின்னவளுக்கு அந்த வாரம் தெரிந்தது.

இளங்கோழி அல்லவா, முட்டை மளமளவென்று வந்தது. நாலு, ஐந்து. நேற்றுக் காலையில் ஆறு. சாயங்காலம் பெட்டியின் மறுபக்கத்தில் புத்தகத்தை மாற்றிக்கொண்டிருந்தபோது பெரியவள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"மாமியார் என்ன பண்றா?"

"மண்ணுல புரண்டு குளிச்சுட்டிருக்கா."

"குளிக்கட்டும்," என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு.

மாமியார் இருந்திருந்தால் ஆறு சேர இன்னும் ஒரு வாரம் ஆகியிருக்கும். பத்து நாள்கூட ஆகியிருக்கும். நேற்று ராத்திரி முழுக்க, அந்தக் கணக்கைத்தான் சின்னவள் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அவர் வந்துட்டார்," என்று டீச்சர் வாசலிலிருந்து குரல் கொடுத்தாள்.

தராசுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, மரத்தூள் போட்ட ஒரு கூடையை ஓரமாக வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பெரியவளின் தலைமாட்டில் நின்றார். பெரிய உடம்பு, சின்னக் கண்ணாடி.

"எடை ரொம்ப இறங்கிட்டாங்க," என்றார்.

டீச்சர் அவரை முறைத்தாள். சின்னவளுக்கு அவர் பேசத் தெரிந்ததைப் பேசுகிறார் என்று புரிந்தது.

"சட்டை கச்சிதமா இருக்கு. நீங்க தைச்சதா?"

"இப்பத்தான் பிடிச்சேன்."

"நல்லா இருக்கு." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம். "போன வாரம் போன்ல சொன்னாங்க. 'நான் போற அன்னைக்கே வந்து எடுத்துட்டுப் போயிடுங்க. முதல் முட்டை ரொம்பப் பழசாயிட்டா எனக்கும் உங்களுக்கும் வீண். அழுதுட்டு நிக்காதீங்க'ன்னு. அதான் இந்த நேரத்துல... தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்லைண்ணே. வாங்க, பெட்டி உள்ள இருக்கு."

"முதல்ல மாமியாரைப் பார்த்துடறேன். அவளுக்கும் ஒரு வார்த்தை துக்கம் சொல்லணும் இல்ல?"

அவர் கொல்லைப்பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டார். வழி தெரிந்தவர். சின்னவள் பின்னாலேயே ஓடினாள்.

"அண்ணே, வேண்டாம். அது... அடையில உட்கார்ந்திருக்கு. பக்கத்துல போனா கொத்தும்."

"எட்டு வயசுல அடையா?" அவர் நின்று திரும்பினார். "அடை உட்கார்ந்தா முட்டை நின்னு போகுமே. ராத்திரி போன்ல, நேத்துகூடப் போட்டுச்சுன்னீங்களே?"

சின்னவளுக்கும் கூண்டுக்கும் நடுவே பத்து அடி. உள்ளே மருமகள் சிவப்பு வளையம் போட்ட காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. அவர் இன்னும் நாலு அடி வைத்தால் போதும், தெரிந்துவிடும். வைக்காமல் திரும்பினால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். மிஷினில் வைப்பார். பொரிந்ததை வருடம் வருடமாக வளர்த்து, 'இது எட்டு வயசுக் கிழவியோட ரத்தம், அவங்க குடுத்தது' என்று கண்காட்சி மேசையில் உட்கார்ந்து சொல்லுவார். தன் தராசில் பொய் சொல்லாத மனுஷன்.

"அது மாமியார் இல்லைண்ணே," என்றாள்.

அவர் காத்திருந்தார். காத்திருக்கத் தெரிந்தவர்தானே.

"மாமியார் அதோ, அந்தக் கல்லுக்குப் பின்னால. நான்தான் கொன்னேன். பெட்டியில பேன் இருந்துச்சு. அந்துருண்டை வெச்சேன். மூடிவேற வெச்சேன். துணிக்கு வைக்கறதுதானேன்னு..." குரல் உடையவில்லை. அதுவே அவளுக்கு அசிங்கமாக இருந்தது. "ஒரு வாரமாச்சு. அவகிட்ட சொல்லலை. வளையத்தை மாத்திப் போட்டு மடியில கொண்டுபோய் வெச்சேன். தினம் கேட்டா, தினம் கதை சொன்னேன். முழுப் பூசணிக்காயை மறைச்ச மாதிரி... பெட்டியில முதல் ரெண்டுதான் மாமியாரோடது. மிச்சம் நாலும் மருமகளோடது. அவ எதை வைக்கவே மாட்டேன்னு சொன்னாளோ அதை அவ கையாலேயே உங்களுக்கு எடுத்து வைக்க வெச்சுட்டேன்."

வாசலில் யாரோ நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. தராசுக்காரர் துவைக்கும் கல்லைப் பார்த்தார். கூண்டைப் பார்த்தார்.

"பெட்டியைக் காட்டுங்க," என்றார்.

அறையில் அவர் கையை வேட்டியில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டு, பெட்டியின் முன்னால் முழங்காலிட்டார். ஒரு முட்டையை இரண்டு விரலால் தூக்கி, தலைகீழாகத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். வைத்தார். அடுத்ததை எடுத்தார். ஆறையும் பார்த்து முடித்தார். பிறகு மூன்றாவது துணிப்பையில் இருந்ததை எடுத்து, கூர்முனை மேலே தெரியும்படி அவளிடம் நீட்டினார்.

"உங்க அக்கா போட்ட கோடுதானே?"

ஒரே ஒரு கோடு. புதிதாகச் சீவிய பென்சிலின் மெல்லிய, அழுத்தமான கோடு.

"முதல் ரெண்டுல எட்டு எட்டு இருக்கு," என்றார் அவர். "மிச்சம் நாலுலேயும் ஒண்ணு."

சின்னவள் முட்டையை வாங்கி, கோட்டின்மேல் விரலை வைத்தாள்.

"இளங்கோழி முட்டை சின்னதா இருக்கும், தங்கச்சி. கிழவியோடதுதான் பெருசு. கையில வெச்சாலே தெரிஞ்சிருக்கும் அவங்களுக்கு."

"இது மூணாவது," என்றாள் சின்னவள். "இதுக்கு மறுநாள்தான் மாமியாரைக் கொண்டு வரச் சொன்னா. மறுநாள்." அவள் முட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், வேறு ஏதாவது எழுதியிருக்குமோ என்பதுபோல. "சொல்லணுமான்னு கேட்டாண்ணே என்னை. வாயைத் திறந்து கேட்டா."

அவர் முட்டையை அவள் கையிலிருந்து வாங்கித் துணிப்பைக்குள் இறக்கினார்.

அவர் எட்டுக் கோடு போட்ட இரண்டையும் எடுத்துத் தன் கூடையில் மரத்தூளுக்குள் வைத்து, மேலே கைக்குட்டையைப் போர்த்தினார். பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இதையும் எடுத்துட்டுப் போங்கண்ணே. மருமகளும் அதே ரத்தம்தானே."

"ரத்தம் சரிதான். வயசு ஆகலையே. அவங்க அஞ்சுன்னு சொன்னா அஞ்சுதான். அன்னைக்கு நானும் அறுநூறுன்னா அறுநூறுன்னுதானே உட்கார்ந்திருந்தேன்." எழுந்துகொள்ள அவருக்குக் கட்டிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. "இந்த ரெண்டும் பழசு. பொரியலாம், பொரியாமலும் போகலாம். மருமகளுக்கு அஞ்சு வயசாக இன்னும் நாலு வருஷம் இருக்கு. நாலு வருஷம் அதைப் பார்த்துக்குவீங்களா?"

"நானா?"

"வேற யாரு இருக்கா?"

அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "பேன் வந்தா அடுப்புச் சாம்பல் போதும். அது தானா புரண்டுக்கும். அந்தச் சிவப்பு வளையத்தைக் கழட்டிடுங்க. அது மாமியாரோடது."

வண்டி பதினொன்றரைக்குச் சரியாக வந்தது. டீச்சரின் தாளில் எல்லாம் வரிசைப்படி நடந்தது. பெரியவளைத் தூக்கும்போது யாரோ, "நல்ல சட்டை," என்று மெதுவாகச் சொன்னார்கள். தம்பி நாற்காலிகளை அடுக்கினான். தராசுக்காரர் வண்டிக்குப் பின்னால் கடைசியாக, கூடையைத் தரையில் வைக்காமல் இடுப்போடு அணைத்தபடி நடந்துபோனார்.

மூன்று மணி வாக்கில் வீடு அடங்கியது. டீச்சர் படுக்கையைச் சுருட்டி, அக்காவின் அறையைப் பெருக்கிவிட்டுச் சமையலறைக்குப் போயிருந்தாள். கொல்லையில் மருமகள் கொக்கரித்தது. நிறுத்தாமல் கொக்கரித்தது, ஏதோ உலகத்தில் இல்லாததைச் செய்துவிட்டதுபோல.

சின்னவள் கூண்டுக்குப் போனாள். கோழியைப் பிடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, நூல் வெட்டும் கத்தரியின் முனையால் வளையத்தை விரித்துக் கழற்றினாள். வழவழப்பான காலில் கட்டைவிரல் ஒருமுறை மேலிருந்து கீழாகப் போனது. கோழியைக் கீழே விட்டாள். வைக்கோலில் முட்டை கிடந்தது.

எடுத்துக்கொண்டு நேராக அக்காவின் அறைக்கு வந்தாள். வந்து நின்ற பிறகுதான் எதற்கு வந்தோம் என்று தெரிந்தது. வெறும் கட்டில். முட்டைப் பெட்டியில் இரண்டு பை காலி. அவள் கட்டிலில், தலைமாட்டுப் பக்கம் உட்கார்ந்தாள்.

"அண்ணி," என்று சமையலறையிலிருந்து டீச்சர் கூப்பிட்டாள், "என்ன பண்றீங்க அங்க?"

முட்டை இன்னும் சூடாக இருந்தது. பென்சிலை டீச்சர் ஜன்னல் ஓரத்தில் எடுத்து வைத்திருந்தாள். சின்னவள் அதை எட்டி எடுத்து, முட்டையின் கூர்முனையைத் தன் பக்கம் திருப்பினாள்.